ஈரோடு தந்த கணித மேதை

கொங்கு நாட்டில் காவிரியாற்றின் மேல்கரையில் அமைந்த ஊர் ஈரோடு. மஞ்சளுக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற அவ்வூரில், தம் தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் சீனிவாச இராமானுஜன் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள் நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரிடம் நீங்காத பற்றுடையவர்.

இராமானுஜன் கும்பகோணத்தில் கல்வி பயின்றார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் ஒருநாள் கற்பித்தபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று சிறுவன் இராமானுஜன் வினவினான் என்பர். வினா எளியதுபோல் தோன்றும். ஆயினும் அதற்கு ஓர் எண்ணை விடையாகக் கூற இயலாது.

பதினைந்தாம் வயதில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிறுவும் முறை பெரும்பாலும் இல்லை. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முற்பட்ட இராமானுஜன், பிற பாடங்களை அறவே மறந்தார். விளைவு கொடிதாயிற்று. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தோற்றார்; 1907இல் மீண்டும் தோற்றார். பட்டமில்லை, வேலையில்லை. தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். நீல மையால் எழுதிய தாளின்மேலேயே சிவப்பு மையால் எழுதியதும் உண்டு.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மறு ஆண்டு சனவரியில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை எழுதி அனுப்பினார். முதலில் ஐயுற்ற ஹார்டி, நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்தபின், எழுதியவர் முதல்தரமான மேதை எனத் தெளிந்து இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடப்பது குலவழக்கத்துக்கு மாறானது என்று குடும்பத்தினர் தடுத்தனர். இராமானுஜன் நாமக்கல் சென்று வழிபட்டார். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிப் பணித்ததால் அன்னை இசைந்தார் என்று கூறுவர். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றைச் சிறுவரும் உணரலாம். ஈரோட்டுச் சந்தையில் நான்கு மஞ்சள் கிழங்குகளைக் கூறு கட்டுவதாகக் கொள்வோம். நான்கையும் ஒரே கூறாக வைக்கலாம், மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம், இரண்டும் இரண்டுமாக வைக்கலாம், இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக வைக்கலாம், ஒவ்வொன்றாகவும் வைக்கலாம். ஆக ஐந்து வழிகள். கிழங்குகள் பத்தானால் 42 வழிகள். நூறானால் 19,05,69,292 வழிகள்! இருநூறானாலோ 3,97,299 கோடிக்கும் மேல். இத்துணைப் பெரிய தொகையை ஒவ்வொன்றாக எண்ணாமலே கணிக்கும் வழியை இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்டனர். மற்றொரு புதுமையையும் இராமானுஜன் கண்டார். 4, 9, 14, 19 என நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்களுக்குரிய வழிகள் 5, 30, 135, 490 என வரும். எத்துணைத் தொலைவு சென்றாலும் அவை ஐந்தால் மீதியின்றி வகுபடும். பிறர் கண்முன் கிடந்தும் காணாத ஒழுங்கு இது.

போர்க்காலம், குளிர்நாடு, மரக்கறியுணவு கிடைப்பது அரிது. உடல் நலிந்து மருத்துவமனையில் படுத்தார். அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்றது என்றார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் உடனே விளக்கினார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் கூடினாலும் 1729. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் கூடினாலும் 1729. நோய் அவர் உடலைத்தான் தளர்த்தியிருந்தது. 1918இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1919இல் தாயகம் திரும்பியவர், கோடையில் பிறந்த மண்ணை அடுத்த கொடுமுடியில் காவிரிக் கரையில் சில திங்கள் தங்கினார். நோய் தணியவில்லை. கும்பகோணம் சென்று, பின்னர்ச் சென்னையை அடைந்தார். மனைவி சானகியம்மாள் அருகிருந்து பேணினார். படுக்கையிலும் அவர் கை ஓயவில்லை. புதுவகைச் சார்புகள் சிலவற்றைக் குறித்து 1920 சனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், உயிர் நீத்தார்.

இறுதி நாள்களில் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜில் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976இல் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றுள் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. அவற்றை நிறுவுவதில் அறிஞர் பலர் பல்லாண்டுகள் உழைத்தனர்.