ராமானுஜனின் பதின்மூன்று இலக்க எண்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்றதும் நம்மில் பலரும் 1729ஐத்தான் சொல்வோம். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததோ வேறு எண்கள். அவற்றில் ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

22-12-1887 அன்று ஈரோட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் ஜவுளிக்கடை குமாஸ்தா. கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவானார். 1913இல் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 மார்ச்சில் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேற்றியது.

அங்கே 1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்காக 1916இல் பி.ஏ. பட்டம் கிடைத்தது. விஷயம் எளிதுதான். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் கீழ் எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. 24, 36, 48, 60 ஆகியவையும் இப்படித் தம் முன்னோரை மிஞ்சியவையே. இப்படிப்பட்ட எண்கள் நூற்றுக்கும் மேல் அவர் பட்டியலிட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடிக்கும் மேல்!

மார்டள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கையில் இதைப் பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுவேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 வகுத்திகள். பகா எண்கள் இடைவெளியின்றி வரும், அடுக்குகள் ஏறாமல் இறங்கும், 4, 36 நீங்கலாகக் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையெல்லாம் அவர் நிரூபித்தார்.

பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று. அதை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்துவிடும்! கால்குலேட்டர் இல்லாமல், காகிதத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த மனிதரின் உழைப்பு இதில் தெரிகிறது. நாமகிரித் தாயாரின் அனுக்ரஹம் என்று சொல்லி நாம் அந்த உழைப்பை மறந்துவிடுகிறோம். அனுக்ரஹம் உண்டு, அதைத் தாங்க உழைப்பும் வேண்டும் என்பது என் எண்ணம்.

யுத்த காலப் பணமுடையால் லண்டன் கணிதச் சங்கம் கட்டுரையின் பிற்பகுதியை அச்சிடவில்லை. அது வெளிவந்தது 1997இல்தான். 1918இல் எஃப்.ஆர்.எஸ். கௌரவம் பெற்றவர், 1919இல் நோயுடன் திரும்பி, 26-4-1920 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

டிசம்பர் 22 தேசிய கணித தினம். அன்று உங்கள் பேரக் குழந்தையை அருகில் அமர்த்தி, 360க்கு எத்தனை வகுத்திகள் என்று காகிதத்தில் எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 24. மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.