முன்னேர் பிடித்தவர்: சி. வை. தாமோதரம் பிள்ளை

மார்கழித் திங்களின் விடியற்காலத்தே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் நடப்போர் செவியில் திருப்பாவை விழாமற் போவதில்லை. ஆண்டாள் அருளிய அம்முப்பது பாசுரங்களும் எழுத்தறியாதார் நாவிலும் அங்கே நடமாடுகின்றன. அடுத்துள்ள இராசபாளையத்திலே தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அவற்றைத் தமிழிலேயே ஓதி மகிழ்கின்றனர். விசயநகர வேந்தராகிய கிருஷ்ணதேவராயர், அவ்வூர் ஆண்டாளின் வரலாற்றையே பொருளாகக் கொண்டு ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியம் இயற்றினார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் ஒரு நூல் இங்ஙனம் வழக்கொழியாது நிற்றற்குக் காரணம் யாது? கோயில் அதனைக் காத்தது. நாடோறும் ஓதிய நாவும் அதனைக் காத்தது என்க.

தமிழ்நூல்கள் யாவும் இப்பேறு பெற்றனவல்ல. கலித்தொகையை எந்தக் கோயிலிலும் ஓதுவாரிலர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை விழாக்காலத்தே பாடுவாருமிலர். இத்தகைய நூல்களுக்குப் பனையோலை ஒன்றே புகலிடம். ஓலையோ நெடுங்காலம் நிற்பதன்று; செல்லும் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. பழைய ஏடு பழுதுறு முன்னே அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவோர் தலைமுறைதோறும் இருந்தாலன்றி நூல் பிழையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலே அவ்வாறு எழுதுவோர் அருகினர். அக்காலப் புலவர் பெரும்பாலும் புராணங்களையும் அந்தாதிகளையும் பிற்காலப் பிரபந்தங்களையுமே பாடங்கேட்டனர்; சங்கநூல்களைக் கண்ணாற் காணாத பெரும்புலவரும் பலர். அந்நிலையில், அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றும் வேலையில் முன்னேர் பிடித்தவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை ஆவர். அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பிய சரித்திரம் கற்ற மாணவர்க்கு இத்தகைய முயற்சி புதிதன்று. இத்தாலியக் கவிஞராகிய பெத்ரார்க் 1345-ஆம் ஆண்டிலே வெரோனா நகரத்து நூல்நிலையத்தில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1417-ஆம் ஆண்டிலே பொட்ஜோ என்பார் ஜெர்மானிய மடமொன்றில் மறைந்து கிடந்த லுக்ரீஷியஸின் காவியத்தை வெளிக்கொணர்ந்தார். பின்னர் வெனிஸ் நகரத்து அச்சகத்தார் ஆல்டஸ் மனூஷியஸ் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மொழியிலேயே அச்சிட்டார். மறுமலர்ச்சி என்று நாம் படிக்கும் அப்பெருநிகழ்ச்சிக்கு, ஏடு தேடினோரும் எழுத்துக் கோத்தோரும் செய்த இவ்வேலையே அடிப்படையாயிற்று. ஐரோப்பாவில் பலர் பல தலைமுறையாகச் செய்த அத்தொழிலை, நம் நாட்டிலே மிகச் சிலரே, தம் வாழ்நாட்களுக்குள் செய்து முடிக்க வேண்டியவராயினர்.

தாமோதரம் பிள்ளை 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் சிற்றூரிலே வைரவநாதருக்கு மகனாகப் பிறந்தார். கிறிஸ்தவ மதத்தைத் தழுவியிருந்த குடும்பம் அது. இளமையில் தந்தையாரிடத்தும், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்தும் தமிழ் பயின்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பள்ளியிற் கற்றபின், வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். 1823-ல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய அக்கலாசாலையிலே ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் தமிழிலக்கணத்தோடு ஒருங்கே கற்பிக்கப்பெற்றன. 1855-ல் அது மூடப்பட்டதாயினும், அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அங்கே விளைந்த பயன் பெரிது.

கோப்பாயிற் சிலகாலம் ஆசிரியராக இருந்த இளைஞரைப் பார்சிவல் பாதிரியார் சென்னைக்கு அழைத்தார். யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர் அப்பாதிரியார். அவர் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்குத் தாமோதரம் பிள்ளை ஆசிரியரானார். 1857-ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தாரே. இருவரும் வட்டுக்கோட்டை மாணவரே. ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் விசுவநாத பிள்ளை. அதன்பின் தாமோதரம் பிள்ளை கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில் புரிந்து, சென்னை அரசாங்கத்தின் கணக்கு அலுவலகத்திலே அமர்ந்து உயர்பதவி பெற்றார். 1871-ல் சட்டப் பரீட்சையிலும் தேறினார். 1882-ல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயினார். 1887-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியானார். உத்தியோகமும் செல்வாக்கும் உடைய ஒருவர் ஓய்வு பெற்றபின் மனையிலிருந்து இளைப்பாறுதலே உலகியல். இவரோ அவ்வயதிலேதான் தம் பெரும்பணியை மேற்கொண்டார்.

அப்பணியின் வித்து முன்னரே விழுந்திருந்தது. இருபத்திரண்டாம் வயதளவில், 1854-ல், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு வெளியிட்டார். 1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்துவதில் ஆறுமுக நாவலர் துணைநின்றார். நாவலர் 1879-ல் மறைந்தார். பழைய நூல்களை இனி அச்சேற்றுவார் யாவர் என்னும் கவலை தமிழறிந்தார்க்கு உண்டாயிற்று. கணக்கு அலுவலகத்தில் வேலையிலிருந்த தாமோதரம் பிள்ளை, அச்சுமையைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார்.

அச்சுமை எத்தகையது என்பதை இக்காலத்து மாணவராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய ஏட்டிலே சொற்களுக்கிடையே வெளியில்லை. செய்யுளும் உரையும் ஒன்றாய் ஓடிக்கிடக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் வழக்கமில்லை. குற்றெழுத்தாகிய எகரத்துக்கும் நெட்டெழுத்தாகிய ஏகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. எரி என்பதா, ஏரி என்பதா எனத் துணிவது படிப்போர் பொறுப்பு. நெருப்பையும் நீர்நிலையையும் ஒரே வடிவில் எழுதியிருந்தால், பொருளறியாதான் செய்வது யாது? வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே இக்குறையை நீக்க வழி வகுத்தாராயினும், ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே பின்பற்றினர். காலும் ரகரமும் ஒரு வடிவாகவே நின்று மயக்கும். இவற்றின்மேல், எழுதுவோர் செய்த பிழையும், செல்லரித்த இடைவெளியும், ஏடு மாறிக் கோத்த குழப்பமும் உள்ளன. ஆகவே ஓரேட்டை மட்டும் நம்பாது பலவூர்களினின்றும் பல ஏடுகளை வருவித்து, வரிக்குவரி ஒப்புநோக்கி, இலக்கணமும் பொருளும் இயைந்த பாடத்தைத் துணிதல் வேண்டியதாயிற்று. தீண்டிய அளவிலே உதிரும் ஓலைகளைக் கண்டு அவர் வருந்திய வருத்தம் அவருடைய பதிப்புரைகளிலே புலனாகின்றது.

இம்முயற்சியின் பயனாக நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. 1881-ல் வீரசோழியம், 1883-ல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை, 1889-ல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891, 1892-ஆம் ஆண்டுகளில் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியத்தின் எழுத்தும் சொல்லும். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சுவாகனம் ஏறியது கலித்தொகையே. அகத்திணை புறத்திணை என்று இன்று பள்ளிச் சிறுவரும் கூறுகின்றனர். அவ்விலக்கணத்தைத் தமிழுலகம் பரவலாகக் கற்க வழிசெய்தது பொருளதிகாரப் பதிப்பேயாகும். இவற்றுள் வீரசோழியம் பௌத்தர் இயற்றியது; சூளாமணி சமணர் காவியம். பதிப்பித்தவர் சைவர். ஆசிரியரின் மதம் யாதென நோக்காது, தமிழ்நூல் என்னும் ஒன்றனையே நோக்கினார்.

அவர் பதிப்புக்களில் குறையில்லையோ எனின், உண்டு. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரையே உள்ளது எனக் கருதி அவ்வாறே அச்சிட்டார். அதன் இறுதியிலுள்ள நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். இதுகொண்டு அவரை இகழ்வார் ஒன்றை நினைத்தல் வேண்டும். அவ்வுரை அச்சில் வந்து பலர் கையிற் கிடைத்தமையாலன்றோ, அதனை ஆராய்ந்து ஆசிரியர் இவரெனக் காண்டல் எளிதாயிற்று? ஏட்டிலேயே கிடந்து மாய்ந்திருப்பின் பிழை காண்பதற்குப் பொருளே இராது.

இதற்கொப்பான நிகழ்ச்சியொன்று நம் வேத புத்தகத்தின் சரித்திரத்திலும் உண்டு. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 1516-ஆம் ஆண்டு பாசல் நகரிலே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டார். அவர் கையிலிருந்த பிரதியில் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிச் சில வசனங்கள் இல்லை. அவற்றை இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்தில் ஆக்கிச் சேர்த்தார். விரைந்து அச்சிட்டமையாற் பிழைகளும் மலிந்தன. ஆயினும் அவர் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டே லூத்தர் 1522-ல் தம் நாட்டு மக்களுக்குப் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிலே தந்தார். முன்னேர் செல்லும் உழவன் கல்லிலும் வேரிலும் முட்டுகின்றான். அவன் சாலைப் பற்றிச் செல்லும் பின்னேர்க்கு வருத்தம் குறைவு. தம் பதிப்பிற் பிழையிருத்தல் கூடும் என்பதைத் தாமோதரம் பிள்ளை மறைத்தாரல்லர். அதற்கஞ்சி வேலையை நிறுத்தினாருமல்லர்.

அவருக்குப் பின்னேராக வந்து அவரினும் ஆழ உழுதவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். இருவரும் ஒரே காலத்திற் கும்பகோணத்தில் வாழ்ந்தனர். ஒருவர் வழக்கறிஞர், மற்றவர் கல்லூரித் தமிழாசிரியர். சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பித்தல் வேண்டுமென்னும் விருப்பம் தாமோதரம் பிள்ளைக்கு இருந்தது. ஐயர் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. 1887-ல் ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையின் கலித்தொகையும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. தொடர்ந்து ஐயர் 1889-ல் பத்துப்பாட்டையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் வெளியிட்டார். இருவர்க்குமிடையே நிகழ்ந்த போட்டியால் நட்டமடைந்தார் எவருமிலர், பயனடைந்தது தமிழ்.

மிஷன் கலாசாலையிற் பயிலும் நமக்கு இவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. அதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. வட்டுக்கோட்டையில் மிஷனரிமாரின் செலவிற் கற்ற தாமோதரம் பிள்ளை பின்னாளிலே கிறிஸ்து மதத்தை விட்டுச் சைவநெறியை மேற்கொண்டார். ஆயின் மிஷனின் உழைப்பு வீணாயிற்று என்று கூறுதல் தகுமோ? யான் அவ்வாறு கருதேன். ஒப்புநோக்கிப் படித்தலும், ஐயுற்று வினாவுதலும், கற்றதை அச்சிட்டு யாவர்க்கும் பொதுவாக்குதலும் ஆகிய பழக்கங்கள் அக்கலாசாலைச் சூழலில் அவருக்கு வாய்த்தவை. கொடுத்தவர், கைம்மாறாக இன்னதே வரவேண்டுமென நிபந்தனை விதித்தால் அது கொடையாகாது. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியை 1862-ல் வெளியிட்ட வின்சுலோ பாதிரியாரின் உழைப்பும் இன்று எல்லா மதத்தார்க்கும் பயன்படுகின்றது. தாமோதரம் பிள்ளையின் மைந்தருள் ஒருவர் மீண்டும் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு தமிழ்த்தொண்டு புரிந்தார். தந்தையும் மகனும் வெவ்வேறு ஆலயங்களிற் பணிந்தனர். இருவர்க்கும் தமிழ் ஒன்றாகவே இருந்தது.

1895-ல் அரசாங்கத்தார் அவருக்கு ராவ்பகதூர்ப் பட்டம் வழங்கினர். 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் சென்னையிலே அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு செப்டம்பரிலே மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். தனியொருவர் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டுத் தொடங்கிய தொழிலை, சங்கமாகக் கூடி ஆற்றும் காலம் பிறந்தது.

நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பழைய வீடுகள் பல உள்ளன. பரணிலோ பூசையறையிலோ ஓலைக்கட்டு ஒன்று கிடப்பின், அது வைத்தியமாயினும் சோதிடமாயினும் கணக்காயினும், படிக்க வராத காரணத்தால் அதனை ஆற்றில் விடுதலோ அடுப்பில் இடுதலோ செய்யற்க. ஏட்டைத் தூய்மை செய்து ஒளிப்படமெடுத்துக் காக்கும் வசதி இன்று உண்டு. படித்தறிந்து கூறுவோரும் உளர். திருப்பாவையைக் காக்க அவ்வூரில் ஒரு கோயில் நின்றது. நின்று காப்பாரில்லாத நூலுக்கு, அதனைக் கண்டெடுப்பவனே காவலன்.