மங்கலுக்குப் பெயர் தந்த கணித மேதை

ஈசூன் குளத்தருகே நண்பர்களுடன் எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் பதிவேற்றும் முன், பின்னால் நிற்கும் ஒருவரின் முகத்தையோ காரின் எண் பலகையையோ மங்கலாக்குவது மாணவர்கள் பலருக்குப் பழகிப்போன வேலை. படங்களைத் திருத்தும் மென்பொருளில் அதற்கெனப் பல ஃபில்டர்கள் உண்டு. அவற்றுள் அதிகம் பயன்படுவது ‘கௌசியன் புளர்’.

அந்தப் பெயருக்குரியவர் கார்ல் ஃபிரெடரிக் கௌஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை. அவர் பிறந்தபோது கேமராவே புழக்கத்தில் இல்லை. எதையும் மங்கலாக்குவதும் அவரது நோக்கமன்று. பிழைகள் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மையை எப்படி மீட்டெடுப்பது என்பதே அவர் பல்லாண்டு ஆராய்ந்த கேள்வி.

கௌஸ் 1777ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி பிரவுன்ஷ்வைக் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை கொத்து வேலை, தோட்ட வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். பள்ளிக்குச் செல்லாத தாயார் டொரோத்தியா, மகன் பிறந்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. இயேசு விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பது மட்டுமே அவர் நினைவில் இருந்தது. அத்திருநாள் ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். எந்த ஆண்டில் ஈஸ்டர் எப்போது வரும் என்று கணக்கிடும் வழியைப் பின்னாளில் வகுத்த கௌஸ், தம் பிறந்தநாளையும் அதைக்கொண்டே உறுதிசெய்துகொண்டார்.

சிறுவயதில் 1 முதல் 100 வரையிலான எண்களை நொடியில் கூட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுவோம். அவரது திறமையைக் கேள்விப்பட்ட பிரவுன்ஷ்வைக் கோமகன் கொடுத்த உதவித்தொகைதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. அது இல்லாவிட்டால் தந்தையின் தொழிலுக்கே போயிருக்கக்கூடும்.

1801ஆம் ஆண்டின் முதல் நாள். இத்தாலிய வானியலாளர் பியாட்சி, சீரிஸ் என்ற சிறுகோளைக் கண்டார். பிப்ரவரி 11 வரை அதைக் கவனித்தார். பிறகு அது சூரியனின் ஒளியில் மறைந்துபோனது. மறுபடியும் எங்கே தேடுவது? கையில் இருந்தவை சில வாரக் குறிப்புகள் மட்டுமே. அவற்றிலும் பிழைகள் இருக்கும். 24 வயது கௌஸ் அந்தக் குறிப்புகளை வைத்துப் பாதையைக் கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே ஆண்டிறுதியில் சீரிஸ் மீண்டும் தென்பட்டது. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது.

கோள்களின் பாதை குறித்து 1809ல் அவர் வெளியிட்ட நூலில் பிழைகளின் இயல்பை விளக்கினார். ஒன்றையே பலமுறை அளந்தால் சிறு பிழைகள் அதிகமாகவும் பெரும் பிழைகள் அரிதாகவும் வரும். வரைபடமாக்கினால் மணி கவிழ்த்ததுபோல் ஒரு வளைகோடு கிடைக்கும். டி மோய்வர் என்பவர் 1733லேயே இவ்வளைகோட்டை எட்டியிருந்தார். பிழைகளைக் குறைக்கும் ‘மிகச்சிறு வர்க்க’ முறையையும் லெஜாந்தர் 1805ல் வெளியிட்டுவிட்டார். அதைத் தாம் 1795 முதலே பயன்படுத்தி வருவதாகக் கௌஸ் சொன்னது லெஜாந்தரைக் கொதிக்க வைத்தது. கண்டுபிடித்ததை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, பிறர் வெளியிட்ட பின் உரிமை கோரினால் யாருக்குத்தான் கோபம் வராது?

‘கௌசியன் புளர்’ செய்வது இதே வளைகோட்டின் வேலைதான். படத்தின் ஒவ்வொரு பிக்சலும் தன் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து ஒரு சராசரி ஆகிறது. அருகில் இருப்பதற்கு அதிக மதிப்பு, தள்ளி இருப்பதற்குக் குறைந்த மதிப்பு. மிகச் சிறிய அளவில், நடுப் பிக்சலுக்கு 4 பங்கு, நான்கு பக்கங்களுக்கும் தலா 2, மூலைகளுக்குத் தலா 1 என்று கூட்டி 16ஆல் வகுப்பார்கள். ஆரத்தைக் கூட்டினால் இன்னும் தொலைவில் உள்ள பிக்சல்களும் கலக்கும், படம் மேலும் மங்கும்.

ஆனால் சராசரி எடுப்பது அழிப்பதாகாது. அடையாள அட்டை எண்ணை லேசாக மங்கலாக்கிப் பதிவேற்றினால், 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்தையும் அதே எழுத்துருவில், அதே அளவு மங்கலாக்கிக் கணினியால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பொருந்துவது எது என்று தெரிந்துவிடும். சில குறிப்புகளை வைத்துச் சீரிஸைத் தேடிய கதைதான் இதுவும். மறைக்கவேண்டிய எண்ணின்மேல் கறுப்புக் கட்டம் வைத்து, அடுக்குகளை ஒன்றாக்கி, புதிய படமாகச் சேமிப்பதே பாதுகாப்பு. மங்கல், பின்னணியை அழகாக்கப் பயன்படட்டும்.

அந்த நூல் வெளிவந்த 1809லேயே மனைவி ஜோஹன்னா பிரசவத்துக்குப் பின் இறந்தார். சில மாதங்களில் அந்தக் குழந்தையும் போனது. கௌஸ் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவி மின்னாவும் 1831ல் நோயில் இறந்தார். மகன்கள் இருவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டனர். வயதான தாயாரைத் தம்மோடு கூட்டிங்கன் வானாய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார் கௌஸ். கடைசி ஆண்டுகளில் கண் தெரியாமல் போன டொரோத்தியா, 1839ல் இறக்கும்வரை மகன் வீட்டிலேயே இருந்தார்.

துயரங்களுக்கு நடுவிலும் வேலை நிற்கவில்லை. ஹனோவர் நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பணிக்காக 1820களில் குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். 1802ல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவையும் இதே முறைதான். தொலைவில் உள்ள இடம் தெளிவாகத் தெரிய, சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப் என்ற கருவியைக் கௌஸ் உருவாக்கினார். 1833ல் வில்ஹெல்ம் வெபருடன் சேர்ந்து கூட்டிங்கனில் மின்தந்தி இணைப்பும் அமைத்தார்.

1855 பிப்ரவரி 23ஆம் தேதி, 77 வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியில் புழங்கிய 10 மார்க் நோட்டில் அவர் படமும் பக்கத்திலேயே அந்த வளைகோடும் அச்சிடப்பட்டிருந்தன.