கடல் கடந்து வந்த கருவி: பாலுசாமி தீட்சிதர்

நுழையுமுன்

பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் குடியேறியவர்களின் செவியில் அவ்வூர் மக்களின் மொழியும் இசையும் நாள்தோறும் விழும். அவற்றைக் கற்றால் தம்முடையதை இழந்துவிடுவோமோ என்னும் ஐயம் சிலருக்கு எழுவது இயல்பு. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய சூழலில் வளர்ந்த ஓர் இசைக்கலைஞரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் குடும்பமும்

சோழ நாட்டுத் திருவாரூர், தியாகராசர் திருக்கோயிலாலும் ஆழித்தேராலும் புகழ்பெற்ற ஊர். அவ்வூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதர் சிறந்த இசைப்புலவர். இன்று இசையரங்குகளின் தொடக்கத்தில் பெரிதும் பாடப்பெறும் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே. அவருக்கு முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி என ஆண்மக்கள் மூவர். மூத்தவர், கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்படும் முத்துசாமி தீட்சிதர். மூவருள் இளையவரான பாலுசாமி 1786ஆம் ஆண்டு பிறந்தார். இசை அக்குடும்பத்தின் செல்வமாகவும் அன்றாட வாழ்வாகவும் இருந்தது.

மணலிக்குக் குடிபெயர்தல்

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். கலைஞர்களைப் போற்றிய அவருடைய அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதரின் குடும்பம் திருவாரூரை விட்டு மணலியில் குடியேறியது. அக்காலத்தில் சென்னை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வளர்ந்துகொண்டிருந்த துறைமுக நகரம். கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்து நின்றது. அங்கே ஐரோப்பியப் படைவீரர்களும் வணிகர்களும் வாழ்ந்தனர். அவர்களுக்காக இசைக்குழுக்களும் இருந்தன.

முத்துகிருஷ்ண முதலியாரின் மகன் சின்னையா முதலியார், தீட்சிதர் உடன்பிறந்தாரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய இசையைக் கேட்கச் செய்தார். கோயில் மண்டபத்தில் நாகசுரமும் வீணையும் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு அவ்விசை முற்றிலும் புதியது. நம் இசையில் ஒரு சுவரம் அசைந்தும் குழைந்தும் அடுத்த சுவரத்தைத் தொடும். இவ்வசைவே கமகம் எனப்படும். ஐரோப்பிய இசையிலோ சுவரங்கள் பெரும்பாலும் அசைவின்றி நேராக ஒலிக்கும். பல கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுவரங்களை ஒலித்து இணைவதும் உண்டு.

கேட்டவற்றை அவ்வுடன்பிறந்தார் புறந்தள்ளவில்லை. முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைமெட்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வடமொழியில் இறைவணக்கப் பாடல்களை இயற்றினார். சங்கராபரண இராகத்தின் சுவரங்களில் அமைந்த அப்பாடல்கள் நோட்டுசுவரங்கள் எனப் பெயர் பெற்றன. இசை பயிலும் சிறுவர் இன்றும் அவற்றைப் பாடுகின்றனர்.

மூன்றாண்டுப் பயிற்சி

பாலுசாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது வயலின். நான்கு நரம்புகளும் ஒரு வில்லும் கொண்ட அச்சிறு கருவியை முறையாகக் கற்க அவர் விரும்பினார். சின்னையா முதலியார் அதற்கு வழிசெய்தார். வயலின் வாசிப்பதில் தேர்ந்த ஐரோப்பியர் ஒருவரிடம் பாலுசாமி மூன்று ஆண்டுகள் பயின்றார்.

அப்பயிற்சி எளிதன்று. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தாய்மொழி வேறு; கற்கும் முறையும் வேறு. தாளில் எழுதிய குறியீடுகளைப் பார்த்து வாசிப்பது ஐரோப்பியர் மரபு. ஆசிரியர் பாடக் கேட்டு, மனத்தில் இருத்தி, திருப்பிப் பாடுவது தீட்சிதர் குடும்பத்தின் மரபு. தேர்ந்த இசைக்குடும்பத்தில் பிறந்தவராயினும், அக்கருவியைப் பொறுத்தவரை பாலுசாமி தொடக்கநிலை மாணவராகவே அமரவேண்டியிருந்தது.

கருவி நம்முடையதாயிற்று

பயிற்சி முடிந்ததும் பாலுசாமி ஐரோப்பிய இசையை வாசிப்பதோடு நின்றுவிடவில்லை. தந்தையிடம் பெற்ற இராகங்களை அக்கருவியில் வாசிக்க முற்பட்டார். வீணையில் விரல் வைக்கும் இடங்களைக் காட்ட 24 மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். வயலினில் மெட்டுகளே இல்லை. நரம்பின்மீது விரலைத் தடையின்றி நகர்த்தலாம். ஆகவே கமகங்கள் அதில் இயல்பாக ஒலித்தன. வில்லை இழுக்கும்வரை ஒலி நீடிப்பதால், மனிதக் குரலை அது நெருங்கித் தொடர்ந்தது.

காலப்போக்கில் வயலினை வாசிக்கும் முறையும் மாறியது. ஐரோப்பியர் பெரும்பாலும் கருவியைத் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே பற்றி வாசிப்பர். நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக்காலின் கணுக்கால் அருகே ஊன்றிக்கொள்கின்றனர். கருவியைத் தாங்கும் சுமை குறைவதால் இடக்கை எளிதாக மேலும் கீழும் செல்கிறது. நரம்புகளும் ச, ப, ச, ப எனச் சுருதி கூட்டப்படுகின்றன. இவ்வாறு வயலின் நம் இசைக்கு உரியதாகிய வரலாற்றில் பாலுசாமி தீட்சிதர் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். முத்துசாமி தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் ஒருவருமான வடிவேலுவும் வயலினில் புகழ்பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான ஒரு வயலினைப் பரிசளித்தார்.

எட்டயபுரத்தில்

பாலுசாமியின் வாழ்வு இன்பம் மட்டுமே நிறைந்ததன்று. அவருடைய தமையன் சின்னசாமிக்குக் கண்பார்வை குன்றியது. அவ்விருவரும் இணைந்து பாடி வந்தனர். மதுரைப் பகுதியில் இருந்தபோது சின்னசாமி மறைந்தார். துணையை இழந்த பாலுசாமி இராமேசுவரத்திற்குத் திருப்பயணம் மேற்கொண்டார். பின்னர் எட்டயபுரம் மன்னர் அவருடைய புலமையை உணர்ந்து, தம் அரசவைக் கலைஞராக ஏற்றுப் பேணினார். தம்பியின் நிலையறியாது வருந்திய முத்துசாமி தீட்சிதர், அவர் எட்டயபுரத்தில் இருப்பதை அறிந்து அங்கு வந்து சேர்ந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துசாமி தீட்சிதர் அவ்வூரிலேயே மறைந்தார். அவருடைய நினைவிடம் இன்றும் அங்கு உள்ளது.

பாலுசாமி 1858ஆம் ஆண்டு இயற்கை எய்தினார். தம் மகள்வழிப் பேரனான சுப்பராமரை அவர் மகனாகத் தத்தெடுத்து இசை பயிற்றுவித்திருந்தார். அச்சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டு வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல், அக்குடும்பத்தின் இசைச்செல்வத்தை அழியாமல் காத்தது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக்கு இதுவும் ஒரு பெருமை.

கடலுக்கு அப்பால்

இதனை ஒத்த மாற்றம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரிலும் நிகழ்ந்தது. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் ஐரோப்பிய இசைக்குழுக் கருவிகளைக் கற்று, தம் இசையுணர்வை அவற்றில் ஏற்றினர். அதிலிருந்து ஜாஸ் இசை வளர்ந்தது. ஜாஸ் இசையில் கலைஞர் அரங்கிலேயே புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பார். நம் இராக ஆலாபனையிலும் அவ்வாறே. மேலைநாடுகளில் இன்று கோடை விடுமுறையில் நடைபெறும் இசை முகாம்களில், தொழில்முறை ஜாஸ் கலைஞர்கள் மாணவர்களோடு அமர்ந்து கற்பிக்கின்றனர். 1970களில் சக்தி என்னும் இசைக்குழுவில் ஜான் மெக்லாஃப்லினின் கித்தாரும் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயகராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஒன்றுசேர்ந்தன. ஐரோப்பாவிலிருந்து நம்மிடம் வந்த வயலின், கமகத்தைக் கற்றுக்கொண்டு உலக அரங்கில் ஒலித்தது.

இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டு அரங்கு அரிது. அது வெளிநாட்டுக் கருவி என்னும் நினைவே கேட்போருக்கு எழுவதில்லை. பாலுசாமி அயலாரிடம் கற்றார். வீட்டில் கற்றதை விடவில்லை. இரண்டும் அவர் கையில் ஒன்றாயின.

சொற்பொருள்

தமையன் – அண்ணன்
மோவாய் – முகவாய்க்கட்டை
பேணினார் – காத்துப் போற்றினார்
முன்னோடி – முதலில் வழிகாட்டியவர்
அயலார் – பிறர், வேற்றிடத்தார்

பயிற்சி

1. இராமசாமி தீட்சிதர் உருவாக்கிய இராகம் யாது?
2. பாலுசாமிக்கு வயலின் பயிற்சி கடினமாக இருந்தமைக்குக் காரணங்கள் யாவை?
3. கமகம் வாசிக்க வயலின் ஏற்ற கருவியாக அமைந்தது எவ்வாறு?
4. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழிகளும் பேசும் உங்கள் தீவு வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பிறரிடம் நீங்கள் கற்ற பாடல் அல்லது கலை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.