‘அல்லாதார்’ என்னும் சொல்லை மறுத்தவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள நேட்டால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1966ஆம் ஆண்டு பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். அவர் பயின்ற பிரிவுக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘ஐரோப்பியர் அல்லாதார் பிரிவு’ என்பதாகும். அக்காலத்தில் அந்நாட்டில் அப்பெயர் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. தொடர்வண்டிப் பெட்டி, அஞ்சலக வாயில், கடற்கரை, பூங்காவின் இருக்கை என எங்கும் வெள்ளையருக்கு ஓர் இடமும் அல்லாதாருக்கு வேறோர் இடமும் வகுக்கப்பட்டிருந்தன. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தோர் தம்மையே அளவுகோலாகக் கொண்டு, ஏனையோரை இன்னார் அல்லர் என்பதைக் கொண்டே அழைத்தனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களும் அதனையே தம் பெயராகச் சொல்லிப் பழகியிருந்தனர். அந்தப் பழக்கத்தில்தான் அடிமைத்தனத்தின் வேர் இருக்கிறது என்று கண்டுகொண்டார் அந்த இளைஞர். அவரே ஸ்டீவ் பிக்கோ.

அவருடைய முழுப்பெயர் பண்டு ஸ்டீபன் பிக்கோ. ‘பண்டு’ என்பது அவர்தம் மக்களின் மொழியில் மனிதர்களைக் குறிக்கும் சொல். பெற்றோர் அன்புடன் சூட்டிய அப்பெயரையே அரசு, ஆப்பிரிக்கரைத் தாழ்த்திப் பிரிக்கும் வகைச்சொல்லாகச் சட்டங்களில் எழுதி வைத்திருந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கடைநிலைத் தொழில்களுக்கு மட்டும் ஆயத்தப்படுத்திய கல்விச் சட்டத்தின் பெயரும் ‘பண்டுக் கல்விச் சட்டம்’தான்.

பிக்கோ 1946ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் கிழக்குக் கேப் பகுதியில் பிறந்தார். கிங் வில்லியம்ஸ் டவுன் நகரை ஒட்டிய கின்ஸ்பெர்க் என்னும் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தார். தந்தை அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழியில் சட்டம் பயின்றவர். பிக்கோவுக்கு நான்கு வயதானபோது அவர் மறைந்தார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தும், பின்னர் மருத்துவமனையில் சமைத்தும் நான்கு குழந்தைகளை வளர்த்தார். 1963இல் லவ்டேல் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அண்ணன் அரசியல் ஐயத்தின் பேரில் கைது செய்யப்பட, தம்பியும் விசாரிக்கப்பட்டுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். நேட்டாலில் மரியன்ஹில் என்னும் ஊரிலிருந்த கத்தோலிக்கப் பள்ளியே அவருக்கு இடமளித்தது.

மாணவர் அரசியலில் அவர் முதலில் வெள்ளை மாணவர்களுடன் இணைந்தே செயற்பட்டார். நாடு தழுவிய மாணவர் ஒன்றியம் அன்று நிறவெறியைக் கண்டித்து வந்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். 1967ஆம் ஆண்டு அவ்வொன்றியத்தின் மாநாடு கிரகாம்ஸ்டவுன் நகரிலுள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடியது. வெள்ளை மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியில் தங்கினர். கறுப்பின மாணவர்களுக்கு விடுதி மறுக்கப்பட்டது. ஊருக்குள் ஒரு தேவாலயக் கூடத்தில் படுத்துக்கொள்ளும்படி கூறப்பட்டது. ஒன்றியத்தினர் அதனைக் கண்டித்தனர். ஆயினும் மாநாட்டைத் தொடர்ந்து நடத்தினர். கண்டிப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையேயுள்ள தொலைவைப் பிக்கோ அன்று அளந்தறிந்தார். கறுப்பினத்தாருக்காகப் பேசுவோர் நல்லவர்களாகவே இருக்கலாம். எனினும் பேசவேண்டியவர் பிறரைத் தமக்காகப் பேசவிட்டு வாளாவிருக்கும்வரை விடுதலை வாராது என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1969ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு தொடங்கப்பட்டது. கறுப்பின மாணவர்களுக்கேயுரிய அவ்வமைப்பின் முதல் தலைவர் பிக்கோ. அடுத்த ஆண்டு, அதன் இதழில் ‘நான் விரும்புவதை எழுதுகிறேன்’ என்னும் தலைப்பில் தொடர் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஃபிராங்க் டாக் என்பது புனைபெயர். ஒளிவுமறைவற்ற பேச்சு என்பது அதன் பொருள். ‘அல்லாதார்’ என்னும் சொல்லை அவ்வமைப்பு கைவிட்டது. அதனிடத்தில் ‘கறுப்பர்’ என்னும் சொல் வந்தது. அது தோலின் நிறத்தை மட்டும் குறித்த சொல்லன்று. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அவ்வொடுக்குமுறைக்கு எதிராகத் தம்மை ஒன்றாகக் கருதும் ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய மூவரையும் அது குறித்தது. தாழ்வுணர்ச்சி மக்களின் உள்ளத்தில் குடிகொண்டிருக்குமாயின் அரசு தனியே காவல் வைக்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் உள்ளம் விடுபட வேண்டும் என்பதே கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் அடிப்படை. இதனையும் ஒரு நிறவெறி என்று சிலர் பழித்தனர். பழித்தவர்களுள் ஒருவரான டொனால்டு வூட்ஸ் என்னும் வெள்ளை இதழாசிரியர், பிக்கோவை நேரில் கண்டு பேசிய பின்னர் அவருடைய உற்ற நண்பரானார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்த ஒற்றுமையில் தமிழ் மரபினருக்கும் பங்குண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களுள் தமிழர் பலர். முதலி என்னும் நம் பெயர் அங்கே மூட்லி என்று திரிந்து வழங்குகிறது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் என்னும் டர்பன் இளைஞர்கள் பிக்கோவுடன் தோள்கொடுத்து நின்றனர். ஆப்பிரிக்கரைவிட ஒரு படி மேலே தம்மை அரசு நிறுத்தியிருந்த நிலையிலும், அந்தப் படியிலிருந்து இறங்கிவந்து கறுப்பர் என்னும் பெயரை அவர்கள் விரும்பி ஏற்றனர்.

1970இல் பிக்கோ, செவிலியரான நிட்சிக்கியை மணந்தார். 1972இல், தேர்ச்சி குறைவு என்று காரணம் காட்டி மருத்துவக் கல்லூரி அவரை நீக்கியது. 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரசின் தடையாணை வந்தது. அவர் கிங் வில்லியம்ஸ் டவுன் எல்லையைத் தாண்டக் கூடாது, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரோடு பேசக் கூடாது, மேடையேறக் கூடாது, அவருடைய சொற்களை எவரும் அச்சிடக் கூடாது. உயிரோடிருப்பவரை ஊமையாக்கும் ஆணை அது.

வாயைக் கட்டிய அரசால் கையைக் கட்ட இயலவில்லை. அந்நகரிலேயே கறுப்பினச் சமூகத் திட்டங்களுக்கான அலுவலகத்தை அவர் அமைத்தார். அருகிலுள்ள சின்யோக்கா என்னும் சிற்றூரில் 1975இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. ‘நலம் கொணர்பவர்’ எனப் பொருள்படும் ‘ஸனெம்பிலோ’ என்னும் கோசா மொழிச் சொல்லே அதன் பெயர். கல்லூரித் தோழியரான மாம்பெலா ராம்பெலே அதன் மருத்துவர். மகப்பேற்றுக்கும் குழந்தைகளின் நோய்க்கும் நெடுந்தொலைவு செல்லவேண்டியிருந்த மக்களுக்குக் கறுப்பினத்தாரே நடத்திய மருத்துவமனை கிடைத்தது. சிறையிலிருந்து மீண்டோரின் குடும்பங்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை, ஏழை மாணவருக்குக் கல்வி நிதி ஆகியனவும் தோன்றின. தாழ்வுணர்ச்சியைக் கட்டுரைகளால் மட்டும் போக்கிவிட முடியாது. தம் கையால் ஒன்றைக் கட்டி முடித்தவர்களிடம் அது தானே விலகும். பிக்கோவின் பணிகளுள் இம்மருத்துவமனையே தலையாயது எனலாம். அரசும் அவ்வாறே கருதியது போலும். 1975இல் தடையாணையைக் கடுமையாக்கி, அத்திட்டங்களில் பணியாற்றவும் அவரைத் தடுத்தது. தந்தையைப் போலவே அவரும் அஞ்சல்வழியில் சட்டம் பயின்றவர்.

1976ஆம் ஆண்டு மே மாதம் அவர் குரல் மீண்டும் வெளியே கேட்டது. மூட்லி, கூப்பர் உள்ளிட்ட ஒன்பது தோழர்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் எதிர்தரப்புச் சாட்சியாக அவர் கூண்டேறினார். மேடையில் அரசு மறுத்த பேச்சுரிமையை நீதிமன்றத்தில் மறுக்க இயலவில்லை. நாள்கணக்கில் அமைதியாகவும் நகைச்சுவையோடும் தம் கொள்கையை விளக்கினார். அடுத்த மாதம் 16ஆம் நாள், ஆப்பிரிக்கான்ஸ் மொழி பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டதை எதிர்த்து சொவேட்டோவின் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினர்; காவல்துறை சுட்டது. அவ்வெழுச்சியைப் பிக்கோ நடத்தவில்லை. ஆனால் அஞ்சாமை என்னும் விதை யாருடையது என்பதில் அரசுக்கு ஐயமில்லை. அவ்வாண்டு ஆகத்து முதல் 101 நாள் அவர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார்.

1977ஆம் ஆண்டு ஆகத்து 18ஆம் நாள், தடையை மீறிப் பயணம் செய்து திரும்பும் வழியில், கிரகாம்ஸ்டவுன் அருகே சாலைத் தடுப்பில் மீண்டும் கைதானார். போர்ட் எலிசபெத் நகரில் ஆடையின்றி, விலங்கிட்டு, தனிமையில் அடைக்கப்பட்டார். செப்டம்பர் 6ஆம் நாள் பாதுகாப்புக் காவலர்களின் விசாரணையின்போது தலையில் பெற்ற காயம் மூளையைச் சிதைத்தது. அரசு மருத்துவர் இருவர் அவரைப் பார்த்தனர். ஒருவர், குறையேதும் இல்லையென்று சான்றும் எழுதினார். நினைவு மங்கிய நிலையில், ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரிட்டோரியாவுக்கு வண்டியின் தரையில் கிடத்திக் கொண்டு செல்லப்பட்டார். செப்டம்பர் 12ஆம் நாள் சிறைத் தரையில் உயிர் பிரிந்தது. அகவை முப்பது. மருத்துவம் பயில வந்தவரின் உயிர், மருத்துவர்களின் கண்முன்னேயே போயிற்று.

அவர் உண்ணாநோன்பால் இறந்தார் என்பது போல அமைச்சர் அறிவித்தார். உடற்கூறு ஆய்வும் நாளிதழ்களும் அதனைப் பொய்யாக்கின. இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திரண்டனர்; வரும் வழியிலேயே மறிக்கப்பட்டோர் மேலும் பலர். அக்டோபர் 19ஆம் நாள் பிக்கோ உருவாக்கிய அமைப்புகள் உட்படப் பல இயக்கங்களை அரசு ஒரே நாளில் தடைசெய்தது. நவம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் கட்டாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மரண விசாரணை நடத்திய நீதிபதியோ எவரையும் பொறுப்பாக்கவில்லை. டொனால்டு வூட்ஸ் மாறுவேடத்தில் நாட்டைவிட்டு வெளியேறித் தம் நண்பரின் வரலாற்றை நூலாக்கினார். அச்சிடத் தடைசெய்யப்பட்ட பிக்கோவின் கட்டுரைகளும் 1978இல் நூலாயின.

விடுதலைக்குப் பின், 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ‘கறுப்பின மக்கள்’ என்பதற்கு ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என்றே பொருள் வரையறுத்தது. பிரிட்டோரியாவின் பெரிய மருத்துவமனை ஒன்று இன்று பிக்கோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து மன்னிப்புக் கோரிய காவலர்கள் முழு உண்மையைக் கூறவில்லை எனக் கண்டு, 1999இல் ஆணையம் அவர்களுக்கு மன்னிப்பை மறுத்தது. ஆயினும் எவர்மீதும் வழக்கு நடைபெறவில்லை. அவர் மறைந்து 48 ஆண்டுகள் நிறைந்த 2025 செப்டம்பர் 12ஆம் நாள், அவருடைய மரணம் குறித்த விசாரணையைத் தென்னாப்பிரிக்க அரசு மீண்டும் திறந்தது.