நெரிசலுக்கு விலை கேட்ட பேராசிரியர்

நோபல் பரிசுக்குரியவர் என்ற பெயருடன் வில்லியம் விக்ரி வாழ்ந்தது மூன்றே நாள்கள். 1996 அக்டோபர் 8-இல் பரிசு அறிவிக்கப்பட்டது. 11-ஆம் தேதி, கருத்தரங்கு ஒன்றுக்குக் காரோட்டிச் செல்லும் வழியில், தமது 82-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஜேம்ஸ் மிர்லீஸுடன் பகிர்ந்துகொண்ட அப்பரிசு வேறொரு ஆய்வுக்காகத் தரப்பட்டது. அவர் வாழ்நாளெல்லாம் மன்றாடியதோ சாலை நெரிசலைப் பற்றி.

கனடாவில் 1914-இல் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். குவேக்கர் நெறியினர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். ரயிலிலிருந்து இறங்கிச் சக்கரக் காலணி பூட்டிக்கொண்டு வகுப்புக்கு விரைந்தவர் என்பதைப் படித்தபோது, அவர்மீது எனக்குத் தனிப்பற்று உண்டாயிற்று.

1952-இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு, நெரிசல் மிகுந்த நேரத்தில் கட்டணம் கூடவும் மற்ற நேரத்தில் குறையவும் வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். ஏற்பார் இல்லை. 1959-இல் வாஷிங்டன் நகரச் சாலைகளுக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அதே கருத்தை வைத்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மின்னணுக் கருவி. அது கடந்த இடத்தையும் நேரத்தையும் பதிவுசெய்து, பின்னர் கட்டணச்சீட்டு அனுப்பலாம் என்றார். அது நடைமுறைக்கு ஒவ்வாது என்றவர்களுக்கு மறுமொழியாகத் தம் காரிலேயே சிறு வானொலிக் கருவியைப் பொருத்திக் காட்டினார்.

மாணவர்களுக்கு நான் விரும்பிக் கற்பித்தது அவருடைய 1969-ஆம் ஆண்டுக் கட்டுரை. மணிக்கு 3,000 கார்களை மட்டுமே கடத்தவல்ல பாலம் ஒன்றைக் கருதுவோம். 6,000 பேர் சரியாக ஒன்பது மணிக்கு அலுவலகம் சேர விரும்புகிறார்கள். சிலர் முன்னதாகவே சென்று காத்திருப்பார்கள், சிலர் தாமதமாவார்கள், ஒன்பதுக்கே சேர்பவர் வரிசையில் நெடுநேரம் நிற்பார். அவர் நின்ற நேரம் யார் கைக்கும் சேராமல் வீணாகிறது. அக்காத்திருப்பின் மதிப்புக்கு ஈடாக, படிப்படியாக ஏறி, உச்சத்தைத் தொட்டு, படிப்படியாக இறங்கும் சுங்கத்தை விதித்தால் வரிசை கரைந்துவிடும். அவரவர் அலுவலகம் சேரும் நேரம் மாறாது. வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பினால் போதும். வீணான நேரம் பொதுக் கருவூலத்துக்குப் பணமாக வந்து சேர்கிறது. கரும்பலகையில் இதை வரைந்து முடிக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கை உயரும்: ஏழை என்ன செய்வான்?

நியாயமான கேள்விதான். வேலை நேரத்தைத் தாமே தீர்மானிப்போர் கட்டணம் குறைந்த வேளையைத் தேர்ந்துகொள்வர். குறித்த மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. வசதிக்கேற்ப உயரும் வரியைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய விக்ரி இதை அறியாதவர் அல்லர். என் கருத்தில், இந்தச் சுங்கத்தின் நியாயம் அது திரட்டும் பணம் எங்கே செல்கிறது என்பதில் இருக்கிறது. காரை விட்டவர் ஏறிச்செல்லப் பேருந்து வராத ஊரில் இது வெறும் தண்டமே.

சிங்கப்பூர் 1975-இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதித்தது. 1998-இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. அங்குக் கட்டணம் அரைமணிக்கு ஒருமுறைகூட மாறும். லண்டன் 2003-இல் தொடங்கியது. விக்ரியின் சொந்த நகரமான நியூயார்க்கோ 2025 ஜனவரி 5 வரை காத்திருந்தது. மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்கு, மின்னணுக் கருவி இருந்தால், பகலில் 9 டாலர், இரவில் 2.25 டாலர். வருவாய் பொதுப் போக்குவரத்துக்கே செல்கிறது. காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஒரே கட்டணம் என்பதை மட்டும் விக்ரி ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.