வைர நதியோரம் மனிதரைத் தேடிய ஆயர்

லெசோதோ மலைகளில் உற்பத்தியாகும் ஒரேஞ் நதி, பாலைநிலத்தை ஊடறுத்துச் சென்று, தென்னாபிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் எல்லையாக ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்தில் கலக்கிறது. 1867 ஆம் ஆண்டில் இந்நதிக்கரையில், ஹோப்டவுன் என்னும் ஊருக்கருகே, சிறுவனொருவன் கண்டெடுத்த கல் வைரமென அறியப்பட்டது. பின்னர் பல்லாயிரவர் அப்பிரதேசத்தை நோக்கி விரைந்தனர்.

1882 இல், அதே நதியின் கீழ்ப்பகுதியை நாடி வந்த இளங்குரு ஒருவரோ வேறொரு செல்வத்தைத் தேடினார். அவரே பிரான்ஸ் நாட்டில் 1858 இல் பிறந்த அருட்தந்தை ஜோன் மரி சிமோன். புனித பிரான்சிஸ் சலேசியாரைப் பாதுகாவலராகக் கொண்ட துறவற சபையைச் சேர்ந்த அவர், நதிக்குத் தெற்கேயுள்ள பெல்லா என்னும் சிற்றூரை அடைந்தார்.

எருசலேம் அழிவுறுமுன் ஆதிக் கிறிஸ்தவர்கள் தஞ்சம் புகுந்த ஊரின் பெயரே பெல்லா. 1814 இல், நதியின் வடபுறத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த கொய்கொய் மக்களுக்குப் புகலிடம் அமைத்த இலண்டன் மிஷன் ஊழியர்கள் அப்பெயரைச் சூட்டினர். கொடிய வரட்சியினால் பிற்காலத்தில் கைவிடப்பட்ட அவ்விடத்தையே கத்தோலிக்க குருக்கள் ஏற்று நடத்தினர்.

வெயில் தகிக்கும் அந்நிலத்தில் ஓர் ஆலயம் எழுப்ப அருட்தந்தை சிமோன் விரும்பினார். கட்டடக் கலைஞரோ, போதிய பணமோ இல்லை. அவருக்கும் துணைவரான அருட்தந்தை லியோ வொல்வுக்கும் கட்டடத் தொழிலும் தெரியாது. ஆயினும் ஒரு கலைக்களஞ்சியத்தை வழிகாட்டியாகக் கொண்டு, செங்கல் செய்து, சுவர் எழுப்பி, ஏழாண்டு உழைப்பில் ஆலயத்தை நிறைவு செய்தனர்.

1898 இல் ஆயராக உயர்த்தப்பட்ட பின்னரும் அவர் அம்மக்களை விட்டு அகலவில்லை. 1920 களில் நதியின் முகத்துவாரத்தருகிலும் வைரங்கள் கண்டெடுக்கப்பட்டன. நதியோரங்களில் மனிதர் மண்ணைக் கிளறி வைரம் தேடிய காலத்தில், ஆண்டகை எவரும் விலைமதியாத ஏழைகளிடையே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1932 இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பானவர்களே, நல்முத்துக்காக யாவற்றையும் விற்ற வணிகனை ஆண்டவர் உவமையாகக் காட்டினார். ஆயர் சிமோனுக்கு அம்முத்து, பிறர் கைவிட்டுச் சென்ற இடத்திலேயே கிடைத்தது. நம் இல்லத்திலும் அயலிலும் கைவிடப்பட்டோர் உளரோ? அவர்களை விட்டு அகலாதிருக்கும் வரத்தை இவ்வாரம் மன்றாடுவோம்.